பழைய கார் மாற்றுவேலை: கடையில் கிடைக்காத பாகத்தை வீட்டிலேயே செய்வது எப்படி

பழைய காரில் மாற்றுவேலை செய்கிற எல்லோரும் ஏதோ ஒரு கட்டத்தில் இந்த இடத்துக்கு வந்துவிடுவார்கள். பேட்டரியைச் சார்ஜ் செய்யும் பழைய டைனமோவைக் கழற்றிவிட்டு, அதே வேலையைச் செய்யும் ஆல்டர்னேட்டர் போடலாம் என்று வாங்கியாயிற்று, எஞ்சினும் தயாராக இருக்கிறது, ஆனால் இரண்டையும் இணைக்கிற பிராக்கெட் எங்கே தேடினாலும் இல்லை. ரேடியேட்டருக்கு மின்விசிறி வைக்க வேண்டும், அதைத் தாங்கும் சட்டம் கிடையாது. வேறு கியர்பாக்ஸ் கிடைத்தது, அதைத் தாங்கும் குறுக்குச் சட்டமான கிராஸ்மெம்பர் பொருந்தவில்லை. அப்போது நாமே செய்துகொள்வதுதான் வழி.

நான் இதைக் கற்றுக்கொண்டபோது வெல்டிங் பற்றி ஒருவர் சொல்வார், அளவெடுப்பது பற்றி இன்னொருவர் சொல்வார், காகித வேலை பற்றி யாருமே பேச மாட்டார்கள். எது முதலில், எது பிறகு என்று தெரியாமலேயே காசும் நேரமும் கரைந்தது. உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்றுதான் வரிசைப்படி எழுதுகிறேன். புரிவதற்கு வசதியாக ஆல்டர்னேட்டர் பிராக்கெட்டையே உதாரணமாக வைத்துக்கொள்ளலாம், முதல் வேலையாக எடுத்துக்கொள்ள அதுதான் நல்லது.

1. உடைந்தால் என்ன ஆகும் என்று முதலில் எழுதுங்கள்

செய்ய நினைக்கும் பாகங்களை ஒரு தாளில் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே "வண்டி ஓடும்போது இது உடைந்தால் என்ன ஆகும்" என்று எழுதுங்கள். இதைச் செய்யாமல் கிரைண்டரைக் கையில் எடுக்காதீர்கள்.

வண்டி நிற்கும், வேறொன்றும் ஆகாது என்கிற பாகங்கள் முதல் வகை. ஆல்டர்னேட்டர் பிராக்கெட், மின்விசிறிச் சட்டம், பேட்டரி தட்டு, சுவிட்ச் பலகை, ஒயர் பிடிகள் எல்லாம் இதில் வரும். இவற்றைத் தாராளமாக வீட்டில் செய்யலாம், பழகுவதற்கும் இவைதான் ஏற்றவை.

எஞ்சின் மவுண்ட், கியர்பாக்ஸ் கிராஸ்மெம்பர், கிளட்ச் பெடல் பெட்டி போன்றவை இரண்டாம் வகை. இவற்றை அளவெடுத்து, வெட்டி, பொட்டு வெல்டு (தற்காலிகமாக அங்கங்கே புள்ளியாக ஒட்டுவது) வைத்துப் பொருத்திப் பார்ப்பது வரை நீங்கள் செய்யலாம், முழு வெல்டிங்கை மட்டும் தினமும் அதையே தொழிலாகச் செய்கிறவரிடம் கொடுங்கள்.

ஸ்டீயரிங் கை, ஸ்டீயரிங் ராடு இணைப்பு, பிரேக் கேலிப்பர் பிராக்கெட், சஸ்பென்ஷன் கைகள், இருக்கையையும் சீட் பெல்ட்டையும் பிடித்திருக்கும் இடங்கள் எல்லாம் மூன்றாம் வகை. இவற்றை வீட்டில் செய்யவே வேண்டாம். கைத்திறமை இல்லை என்பதற்காகச் சொல்லவில்லை. வெளியே அழகாகத் தெரியும் வெல்டு உள்ளே உருகிச் சேராமல் இருக்கலாம், வீட்டில் அதைக் கண்டுபிடிக்க வழி இல்லை. சிவப்புச் சாயம் தெளித்து விரிசல் பார்க்கும் முறைகூட மேற்பரப்பு வரை வந்த விரிசலைத்தான் காட்டும், உள்ளே இருக்கிற குறையைக் காட்டாது. பொறியாளர் கணக்குப் போட்டு, சோதித்து, கையெழுத்துப் போட்டுத் தருகிற பாகத்துக்கே இங்கே இடம்.

2. காகித வேலையை வெட்டுவதற்கு முன்பே முடியுங்கள்

எஞ்சின் மாற்றம், சேசிஸில் வெட்டு ஒட்டு, பிரேக் மாற்றம், எரிபொருள் மாற்றம் இவற்றுக்கெல்லாம் முன் அனுமதி வேண்டுமா என்பது நாட்டுக்கு நாடு மாறும். உங்கள் வண்டியைப் பதிவு செய்த அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள், பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். வாய்வார்த்தையாக "பண்ணிக்கோங்க" என்று ஒருவர் சொன்னது, ஆறு மாதம் கழித்து ஆய்வுக்கு வேறொருவர் வரும்போது செல்லாது. காப்பீட்டு நிறுவனத்துக்கும் அதே நாளில் எழுதுங்கள். சொல்லாமல் மாற்றிய வண்டிக்கு விபத்து நேர்ந்தால் இழப்பீட்டை மறுக்க அது ஒன்றே காரணமாகலாம்.

பழமை வாகனம் என்ற தகுதியில் வரிச் சலுகையோ பதிவுச் சலுகையோ பெற்ற வண்டி என்றால் இன்னும் கவனம் வேண்டும். பழமை வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பான ஃபீவா, குறைந்தது 30 வயது ஆகியிருப்பதோடு அந்தக் காலத்துக்கு உரிய நிலையிலேயே பேணப்பட்ட வண்டியைத்தான் பழமை வாகனம் என்கிறது. நீங்கள் செய்யும் மாற்றம் அந்தத் தகுதியைக் கெடுக்குமா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். என் கருத்தைக் கேட்டால், எதைச் செய்தாலும் கழற்றி எடுத்துப் பழைய நிலைக்குத் திரும்ப முடிகிற மாதிரி செய்யுங்கள். எஞ்சினில் ஏற்கெனவே இருக்கிற துளைகளையே பயன்படுத்துங்கள், புதிதாகத் துளை போடுவதைக் கடைசி வழியாக வையுங்கள். கழற்றிய மூலப் பாகங்களை எண்ணெய் பூசி, பெயர் எழுதி வையுங்கள்.

சேசிஸ் எண், எஞ்சின் எண் பொறித்த இடங்களை வெட்டவோ, தேய்க்கவோ, மேலே தகடு வைத்து வெல்டு பண்ணவோ கூடாது. வேலை தொடங்கும் முன்பே அந்த இடங்களைத் தெளிவாகப் படம் எடுத்து, மாஸ்கிங் டேப் ஒட்டி அடையாளம் வைத்துவிடுங்கள்.

ஒரு கோப்பு போடுங்கள். அதில் இருக்க வேண்டியவை: மாற்றத்துக்கு முன் எடுத்த படங்கள், அனுமதிக் கடிதம், ஒவ்வொரு பாகத்தின் வரைபடம், உலோகம் வாங்கிய ரசீது, வெல்டரின் ரசீது, பொருத்திய தேதி. இரண்டாம், மூன்றாம் வகைப் பாகங்களுக்கு உலோகத்தின் சோதனைச் சான்றிதழையும் கேட்டு வாங்குங்கள். ஈஎன் 10204 தரத்தின் 3.1 வகைச் சான்றிதழ் என்று கேட்டால் உலோக வியாபாரிக்குப் புரியும். வாங்கும்போதே கேட்டால்தான் கிடைக்கும், துண்டு போட்டு வெட்டியபிறகு அது எந்தத் தகட்டிலிருந்து வந்தது என்று அவராலும் சொல்ல முடியாது.

3. கருவிகளில் எதற்குச் செலவு செய்வது

அளக்கும் கருவிக்கு முதலில் செலவு செய்யுங்கள். நல்ல வெர்னியர் காலிப்பர் ஒன்று, மரை அளக்கும் கேஜ் ஒன்று, ஒரு மூலைமட்டம், ஒரு எஃகு ஸ்கேல், சென்டர் பஞ்ச், டார்க் ரெஞ்ச். பிறகு கிரைண்டர், ட்ரில், உறுதியான வைஸ், நல்ல அரம் இரண்டு. இவ்வளவு இருந்தால் முதல் வகைப் பாகங்களில் பெரும்பாலானவை முடிந்துவிடும்.

லேத், தகடு வளைக்கும் பெரிய இயந்திரம், டிக் வெல்டிங் செட் இதையெல்லாம் முதல் பாகம் செய்து முடிக்கும் முன் வாங்காதீர்கள். வெல்டிங் செட் வாங்கினாலும் அதன் விலையோடு கணக்கு முடிவதில்லை. கேஸ் சிலிண்டர் வைப்புத்தொகை, நிரப்பும் செலவு, ஹெல்மெட், கையுறை, வயர், டிப் என்று பின்னாலேயே வரிசையாக வரும். ஒரு பிராக்கெட்டுக்காக என்றால் பொட்டு வெல்டு வைத்த பாகத்தைப் பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு போவது பல மடங்கு மலிவு.

4. அளவெடுப்பது: வேலையில் பாதி இதுதான்

இதற்கு எவ்வளவு நேரம் கொடுத்தாலும் தகும். அவசரப்பட்டு எடுத்த அளவைப் பின்னால் சுத்தியலால் சரிசெய்ய முடியாது.

வண்டி நான்கு சக்கரத்திலும் சமதரையில் நிற்கட்டும். ஜாக்கியில் தொங்கும் வண்டியில் சஸ்பென்ஷனும் எக்ஸாஸ்ட்டும் வேறு இடத்தில் இருக்கும். எஞ்சின் அதன் ரப்பர் மவுண்ட் மேல், முழு எடையோடு உட்கார்ந்திருக்க வேண்டும். ரப்பர் தளர்ந்திருந்தால் முதலில் அதை மாற்றிவிட்டு அளவெடுங்கள், இல்லாவிட்டால் புது ரப்பர் போட்ட அன்று எல்லா அளவும் நகர்ந்துவிடும்.

எல்லா அளவையும் ஒரே முகத்திலிருந்து எடுங்கள். எஞ்சின் பிளாக்கில் இயந்திரத்தால் தேய்த்த தட்டையான ஒரு பரப்பு இருக்கும், அதையே ஆதாரமாக வையுங்கள். முதல் துளையிலிருந்து இரண்டாவதுக்கு, இரண்டாவதிலிருந்து மூன்றாவதுக்கு என்று சங்கிலியாக அளந்தால் ஒவ்வொரு அளவிலும் இருக்கிற சிறு பிழை கூடிக்கொண்டே போகும்.

துளைகளின் இடைவெளிக்கு ஒரு நல்ல வழி உண்டு. இரண்டு துளையிலும் போல்ட்டை இறுக்கி, போல்ட்டுகளின் வெளிப்புறம் முதல் வெளிப்புறம் வரை அளந்து, ஒரு போல்ட்டின் விட்டத்தைக் கழியுங்கள். மையத்திலிருந்து மையத்துக்கான தூரம் கிடைத்துவிடும். போல்ட்டின் மரை இல்லாத தண்டுப் பகுதியில் அளக்க வேண்டும், இரண்டு போல்ட்டும் ஒரே விட்டமாக இருக்க வேண்டும்.

இப்போது மரை விஷயம், புதிதாக வருகிறவர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது இங்கேதான். பழைய பிரிட்டிஷ் வண்டிகளில் விட்வொர்த், பிஎஸ்எஃப் என்ற பழைய பிரிட்டிஷ் தர மரைகள் வரும், அவற்றின் கோணம் 55 டிகிரி. பிற்கால அங்குலத் தரங்களான யுஎன்எஃப், யுஎன்சி, மில்லிமீட்டர் தரமான மெட்ரிக் மூன்றுக்கும் 60 டிகிரி. அரை அங்குல விட்வொர்த்தில் அங்குலத்துக்கு 12 மரை, யுஎன்சியில் 13. கால் அங்குலத்தில் இரண்டுக்குமே 20 மரைதான், ஆனால் கோணம் வேறு, அதனால் நட்டு ஏறிவிடும், பிடிப்பு மட்டும் சரியாக இருக்காது. 5/16 அங்குலம் என்பது 7.94 மி.மீ., எம்8 என்கிற 8 மி.மீ. மெட்ரிக் போல்ட் அதில் ஒன்றிரண்டு சுற்று இறங்கி இறுகும், "துரு இருக்கு, கொஞ்சம் அழுத்துவோம்" என்று ஸ்பேனரைப் போட்டால் எஞ்சின் பிளாக்கின் மரை போய்விடும். கையால் முழுவதும் இறங்காத போல்ட் அந்தத் துளைக்கு உரியதில்லை. மரை கேஜ் வைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், இடைவெளி தெரியாமல் உட்கார்ந்தால்தான் அது.

ஆல்டர்னேட்டருக்கு இன்னும் இரண்டு பார்க்க வேண்டும். முதலாவது, பழைய வண்டிகள் பலவற்றில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு சேர்ந்திருக்கும். பெரும்பாலான ஆல்டர்னேட்டர்கள் நெகட்டிவ் முனை பாடியில் இருக்கும் வண்டிக்காகச் செய்தவை, அப்படியே இணைத்தால் உள்ளே இருக்கும் டயோடுகள் அந்த நிமிடமே எரிந்துபோகும். வண்டியின் மின் இணைப்பை மாற்றுவதா என்று முடிவு செய்த பிறகுதான் பிராக்கெட் வேலை. பழைய டைனமோக்கள் பலவும் 20 முதல் 30 ஆம்பியருக்குள் தருபவை, ஆல்டர்னேட்டர் அதைவிட அதிகம் தரும், அதனால் ஒயரும் தடிமனாக வேண்டும், டேஷ்போர்டில் ஆம்பியர் மீட்டர் இருந்தால் அது தாங்குமா என்றும் பார்க்க வேண்டும். இரண்டாவது, புல்லி நேர்க்கோடு. வி-பெல்ட்டுக்குக் கோணல் அரை டிகிரிக்குள் இருக்க வேண்டும். புல்லிகளின் மையங்களுக்கு இடையே 300 மி.மீ. என்றால் அது சுமார் 2.6 மி.மீ. வரும், நீங்கள் 1 மி.மீ.க்குள் கொண்டுவரப் பாருங்கள்.

5. அட்டையில் செய்து பாருங்கள்

உலோகத்தைத் தொடும் முன் அட்டை. பெட்டி அட்டையைவிட, மடித்தால் மடிப்பு நிற்கிற கெட்டியான அட்டை நல்லது. எஞ்சின் பிளாக்கில் அட்டையை அழுத்திப் பிடித்துத் துளை இருக்கும் இடத்தில் விரலால் தேய்த்தால் அச்சு விழும். வெட்டி, மடித்து, டேப் ஒட்டி, ஆல்டர்னேட்டரை அதன் இடத்தில் மரக்கட்டை கொடுத்து நிறுத்தி, பெல்ட்டையும் போட்டுப் பாருங்கள்.

இந்தக் கட்டத்தில் கேட்க வேண்டிய கேள்விகள்: போல்ட்டுக்கு ஸ்பேனர் போகுமா? ஸ்பேனர் சுற்ற இடம் இருக்குமா? பெல்ட்டை இறுக்க ஆல்டர்னேட்டர் வெளியே நகர வழி இருக்கிறதா? ஆயில் ஃபில்டரைப் பிராக்கெட்டைக் கழற்றாமல் மாற்ற முடியுமா? பானெட் மூடுமா? எஞ்சின் ரப்பர் மேல் ஆடும், ஆக்ஸிலரேட்டர் கொடுக்கும்போது ஒரு பக்கமாகச் சாயும், அதனால் எஞ்சினோடு ஆடுகிற பாகத்துக்கும் பாடியோடு நிற்கிற பாகத்துக்கும் நடுவே 20 முதல் 25 மி.மீ. விடுங்கள். எக்ஸாஸ்ட் பக்கம் என்றால் இன்னும் அதிகம்.

அட்டை சரியாக வந்ததும் அதே வடிவத்தை பிளைவுட்டிலோ 3டி பிரிண்டிலோ செய்து போல்ட் போட்டுப் பார்க்கலாம். பிரிண்ட் செய்வதற்கு இந்த வேலைக்கு பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக் போதும், மலிவு, அளவு மாறாமல் வரும். ஆனால் அது மாதிரிக்கு மட்டும். பிஎல்ஏ சுமார் 60 டிகிரி செல்சியஸிலேயே இளகத் தொடங்கும், வெயிலில் நிறுத்திய காரின் டேஷ்போர்டே அந்தச் சூட்டைத் தாண்டும், எஞ்சின் அறையைச் சொல்லவே வேண்டாம். காரின் உட்புறத்தில் நிலையாக இருக்கப்போகிற பிளாஸ்டிக் பாகம் என்றால் சூட்டை இன்னும் தாங்கும் ஏபிஎஸ் அல்லது ஏஎஸ்ஏ பிளாஸ்டிக். பெட்ரோல் தொடும் இடத்துக்கு வீட்டில் பிரிண்ட் செய்த எதுவும் வேண்டாம்.

முக்கியமான ஒன்று: ஒரே ஒரு பாகத்துக்கு மாதிரி பார்த்துவிட்டு அதை முடித்துவிடாதீர்கள். அந்தப் பக்கத்தில் என்னென்ன வரப்போகிறதோ, ஆல்டர்னேட்டர், மின்விசிறி, ரேடியேட்டர் ஹோஸ், ஏர் ஃபில்டர், எல்லாவற்றுக்கும் அட்டை மாதிரி ஒன்றாக நிற்க வேண்டும். ஒன்றை இறுதியாக்கினால் அடுத்தது அதில் முட்டும் என்பது இந்த வேலையில் வாடிக்கை.

6. வரைபடமும் வளைவுக் கணக்கும்

அட்டையை விரித்துத் தாளில் வைத்துக் கோடு இழுங்கள், துளை மையங்களை மட்டும் அளவுப்படி திருத்துங்கள். லேசர் வெட்டுக்குக் கொடுப்பதாக இருந்தால் கணினியில் வரைந்து டிஎக்ஸ்எஃப் என்ற வரைபடக் கோப்பாக்க வேண்டும்.

தகட்டை வளைக்கும்போது நீளம் எப்படி மாறும் என்று தெரியாமல் கொடுத்தால் பாகம் சில மில்லிமீட்டர் பெரிதாகிவிடும். 3 மி.மீ. தகட்டில், வெளி அளவு 50-க்கு 40 என்று எல் வடிவப் பிராக்கெட் வேண்டும் என்று வையுங்கள். 50-ஐயும் 40-ஐயும் கூட்டி 90 மி.மீ. வெட்டினால் தவறு. உள் வளைவின் ஆரம் 3 மி.மீ. என்றால், ஒவ்வொரு கையிலும் தடிமனையும் ஆரத்தையும் கழித்த நேர்ப்பகுதி 44, 34. வளைவில் செலவாகும் நீளம் 1.57-ஐ, ஆரம் கூட்டல் தடிமனில் 0.4 பங்கு, அதாவது 4.2-ஆல் பெருக்கினால் வரும் 6.6 மி.மீ. ஆக மொத்தம் 84.6. அந்த 0.4 என்கிற எண் உலோகத்துக்கும் இயந்திரத்துக்கும் ஏற்ப ஏறக்குறைய 0.33 முதல் 0.45 வரை மாறும், அதனால் வளைத்துக் கொடுக்கும் பட்டறையிடம் அவர்களுடைய எண்ணைக் கேட்டு வாங்குங்கள், அல்லது முடிந்த அளவை மட்டும் கொடுத்து விரிப்பு அளவை அவர்களையே கணக்கிடச் சொல்லுங்கள்.

வளைவுக்கு அருகே துளை வைத்தால் துளை முட்டை வடிவமாக இழுபடும். வளைவின் உள் ஆரத்தோடு தடிமனைப் போல இரண்டு மடங்காவது தள்ளி வையுங்கள். உள்மூலைகளைக் கூராக விடாமல் வட்டமாக்குங்கள், அதிர்வில் விரிசல் ஆரம்பிப்பது கூரான உள்மூலையில்தான்.

கோப்பை அனுப்பும் முன் தாளில் ஒன்றுக்கு ஒன்று அளவில் அச்செடுத்து, வெட்டி, எஞ்சினில் வைத்துப் பாருங்கள். அச்சில் "பக்கத்துக்குப் பொருத்து" என்ற தேர்வு இருந்தால் நீக்கிவிட்டு, ஒரு 100 மி.மீ. கோடும் வரைந்து ஸ்கேலால் சரிபாருங்கள். அலகு அங்குலமா மில்லிமீட்டரா என்று கோப்பிலும் கடிதத்திலும் எழுதுங்கள், 25.4 மடங்கு பிழை அங்கேதான் நுழையும். ஒன்றன்மேல் ஒன்றாக இரட்டைக் கோடு இருந்தால் இயந்திரம் இரண்டு முறை வெட்டும், அதற்கும் காசு.

7. எந்த உலோகம்

பிராக்கெட்டுக்குச் சாதாரண எம்எஸ் (மைல்ட் ஸ்டீல்) தகடுதான். வளையும், வெல்டு ஆகும், உடைவதற்கு முன் வளைந்து எச்சரிக்கும். ஆல்டர்னேட்டருக்கு 5 அல்லது 6 மி.மீ., மின்விசிறிச் சட்டத்துக்கு 1.6 முதல் 2 மி.மீ. போதும்.

அலுமினியம் எடை குறையும் என்று ஆசையாக இருக்கும். பெரிதாகப் பேசப்படும் 6061-டி6 என்ற அலுமினிய வகை இறுக்கமாக வளைத்தால் வெடிக்கும், வெல்டு செய்தால் பக்கத்தில் இருக்கும் பகுதி வலுவை இழந்துவிடும். வளைக்க வேண்டிய பாகத்துக்கு 5052 கேளுங்கள், 6061-ஐத் தடித்த துண்டாக வாங்கிக் கடைந்தோ மில்லிங் செய்தோ பயன்படுத்துங்கள். அலுமினியத்தில் போடும் மரை, போல்ட் விட்டத்தைப் போல ஒன்றரை முதல் இரண்டு மடங்கு ஆழம் வேண்டும், எஃகில் ஒரு மடங்கு போதும்.

எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) போல்ட் பளபளப்பாக இருக்கிறது என்று எல்லா இடத்திலும் போடாதீர்கள். வழக்கமாகக் கிடைக்கும் ஏ2-70 வகையின் இழுவலு 700 மெகாபாஸ்கல், சாதாரண 8.8 தர எஃகு போல்ட்டுக்கு 800. எஸ்எஸ் நட்டும் எஸ்எஸ் போல்ட்டும் இறுக்கும்போதே ஒன்றோடொன்று ஒட்டி மாட்டிக்கொள்ளும். அலுமினியத்தோடு சேர்ந்தால் ஈரத்தில் அலுமினியம் அரிக்கும்.

8. வெட்டுவதும் துளைப்பதும்

வெட்டுக் கோட்டிலிருந்து கொஞ்சம் வெளியே வெட்டி, மீதியை அரத்தால் கொண்டுவாருங்கள். துளைக்கு சென்டர் பஞ்ச் அடித்து, சிறிய ட்ரில்லில் தொடங்கி, பெரிதாக்கிக்கொண்டே போங்கள். பெரிய ட்ரில்லுக்கு வேகம் குறைய வேண்டும், வெட்டு எண்ணெய் விடுங்கள். பாகத்தைக் கையால் பிடித்துத் துளைக்காதீர்கள், ட்ரில் மறுபக்கம் வெளியே வரும் நொடியில் கவ்விக்கொண்டு தகட்டைச் சுழற்றிவிடும், வைஸில் கட்டுங்கள். பிசிறு முழுவதும் எடுங்கள். பிசிறு மேல் இறுக்கிய போல்ட் சில நாளில் தளரும்.

மரை போடும் துளைகள்: எம்6-க்கு 5.0, எம்8-க்கு 6.8, 1.5 பிட்ச் எம்10-க்கு 8.5 மி.மீ. மரை வெட்டும் கருவியான டேப்பை அரைச்சுற்று முன்னே, கால்சுற்று பின்னே என்று கொண்டுபோனால் சீவல் உடைந்து வெளியே வரும்.

பிரேக் தூசியும் பழைய கேஸ்கெட்டும் இருக்கும் இடத்தில் கிரைண்டரை ஓட்டாதீர்கள், பழைய வண்டிகளில் அவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்பு அதிகம். பழைய பெயிண்டில் ஈயமும் இருக்கலாம். நனைத்துத் துடைத்து, தகுந்த முகக்கவசத்தோடு வேலை செய்யுங்கள், குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

9. வெளிப்பட்டறையில் கொடுக்கும்போது

ஸ்பேசர் (இடைவெளிக்கு வைக்கும் வளையம்), புஷ் (துளைக்குள் உட்காரும் குழல்) போன்றவை லேத் வேலை. லேத்துக்காரர் உலோகத்தைக் கட்டி, டூல் அமைக்கும் நேரத்துக்குத்தான் அதிகம் வாங்குகிறார், கடைவதற்கு இல்லை. அதனால் ஒன்று செய்யும் செலவுக்கும் நான்கு செய்யும் செலவுக்கும் பெரிய வித்தியாசம் வராது, உதிரியும் சேர்த்துச் சொல்லுங்கள். லேசர் வெட்டிலும் குறைந்தபட்சக் கட்டணம் இருக்கும், மாதிரி பார்த்து முடித்த எல்லாப் பாகங்களையும் ஒரே தடிமனில் வருமாறு முடிந்தவரை தொகுத்து ஒரே முறையில் கொடுங்கள்.

வரைபடத்தில் எது துல்லியமாக வேண்டும், எது வேண்டாம் என்று எழுதுங்கள். புஷ்ஷின் உள்விட்டம் 0.05 மி.மீ.க்குள் வேண்டும் என்பது நியாயம். பிராக்கெட்டின் வெளி ஓரத்துக்கும் அதையே எழுதினால் விலை ஏறுவதுதான் மிச்சம், அங்கே 0.5 மி.மீ. தாராளம். முடிந்தால் ஜோடி பாகத்தையே கொண்டுபோய்க் கொடுத்து, "இதில் கையால் அழுத்தி ஏற வேண்டும்" என்று சொல்லுங்கள்.

எஞ்சினுக்கும் வேறு கியர்பாக்ஸுக்கும் நடுவே வரும் அடாப்டர் தகட்டை மட்டும் அட்டையை நம்பிச் செய்யாதீர்கள். கிராங்க் தண்டின் மையமும் கியர்பாக்ஸ் தண்டின் மையமும் ஒன்றாக நிற்க வேண்டும். டயல் கேஜைக் கிராங்கில் கட்டிச் சுற்றிப் பார்க்கும்போது மேனுவல் கியர்பாக்ஸுக்கு முள்ளின் மொத்த ஆட்டம் 0.005 அங்குலத்துக்குள், அதாவது சுமார் 0.13 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். மைய விலகல் அந்த ஆட்டத்தில் பாதி. இந்த அளவு தாண்டினால் கிளட்ச்சும் தண்டின் பேரிங்கும் தொடர்ந்து போய்க்கொண்டே இருக்கும். இது கணினி இயக்கும் சிஎன்சி இயந்திரத்தின் வேலை.

காலத்தைப் பொறுத்தவரை, பட்டறையில் உங்கள் ஒற்றைப் பாகம் எப்போதும் பெரிய ஆர்டர்களுக்குப் பின்னால்தான் நிற்கும். "நாளைக்கு" என்றால் அடுத்த வாரம் என்று வைத்துத் திட்டமிடுங்கள், அந்த இடைவெளியில் ஒயரிங் மாதிரி வேறு வேலையை வைத்துக்கொள்ளுங்கள். வண்டி இல்லாமல் நடக்காது என்கிற மாதத்தில் இந்த வேலையைத் தொடங்காதீர்கள்.

10. வெல்டிங்

முதலில் ஆபத்துகள். பிரேக் கிளீனர் தெளித்துச் சுத்தம் செய்த இரும்பில் வெல்டு வைக்காதீர்கள். குளோரின் கலந்த கிளீனர் என்றால் ஆர்க் வெளிச்சத்திலும் சூட்டிலும் ஃபாஸ்ஜீன் என்ற விஷவாயு உண்டாகும், கொஞ்சமே போதும் உயிரை எடுக்க. அசிட்டோனால் துடைத்து முழுவதும் காயவிடுங்கள், டப்பாவை வேறு அறைக்குக் கொண்டுபோய் வையுங்கள். துத்தநாகம் பூசிய தகட்டையும் போல்ட்டையும் வெல்டு செய்யும்போது வரும் வெள்ளைப் புகை காய்ச்சலைக் கொண்டுவரும், பூச்சைத் தேய்த்து எடுத்துவிடுங்கள். பெட்ரோல் டாங்கைக் காலி செய்து கழுவினாலும் வீட்டில் வெல்டு வைக்கவே கூடாது, உள்ளே தங்கும் ஆவிதான் வெடிக்கும்.

வண்டியில் வைத்துப் பொட்டு வெல்டு போடுவதாக இருந்தால் பேட்டரி, ஆல்டர்னேட்டர் இரண்டின் ஒயரையும் கழற்றுங்கள். எர்த் கிளாம்ப்பை வெல்டு வைக்கும் துண்டிலேயே, பக்கத்தில் மாட்டுங்கள். தூரத்தில் மாட்டினால் மின்சாரம் பேரிங் வழியாகப் போய் அதைக் கெடுக்கும். தீயணைப்பான் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கட்டும், முடித்தபின் ஒரு மணி நேரமாவது அந்த இடத்தை விட்டுப் போகாதீர்கள், கார்ப்பெட்டும் பழைய இன்சுலேஷனும் உள்ளுக்குள் கனன்றுகொண்டிருக்கும்.

எம்எஸ் தகட்டுக்கு மிக் (வயர் தானாக வரும் வெல்டிங்) செட், ஆர்கானோடு 20 முதல் 25 சதவீதம் கார்பன் டையாக்சைடு கலந்த கேஸ். முதலில் அதே தடிமனில் துண்டுத் தகடுகளை ஒட்டி, வைஸில் கட்டிச் சுத்தியலால் அடித்து மடக்கிப் பாருங்கள். வெல்டு பிரிந்தால் கரண்டை ஏற்றுங்கள், தகடு வளைந்தும் வெல்டு நின்றால் பாகத்தைத் தொடலாம். பாகத்தை எஞ்சினில் போல்ட் போட்ட நிலையிலேயே பொட்டு வெல்டு வையுங்கள், பிறகு கழற்றி, எஞ்சினுக்குப் பதிலாக ஒரு தடித்த தகட்டில் அதே துளைகளோடு இறுக்கி முழு வெல்டு. ஒரு பக்கம் கொஞ்சம், எதிர்ப்பக்கம் கொஞ்சம் என்று மாற்றி மாற்றி வைத்தால் வளைவு குறையும். சூடு ஆறும் வரை கழற்றாதீர்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள்.

11. பொருத்திப் பார்த்த பிறகே பெயிண்ட்

பூச்சு இல்லாமல் முழுவதும் பொருத்தி, பெல்ட் போட்டு, எஞ்சினை ஓட்டிப் பாருங்கள். ஆல்டர்னேட்டரின் காதுகளுக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவே இடைவெளி இருக்கும்போது போல்ட்டை இறுக்கினால் அலுமினியக் காது முறியும், ஷிம் (மெல்லிய தகட்டுத் துண்டு) கொடுத்து இடைவெளியை நிரப்பிய பிறகு இறுக்குங்கள். எண்ணெய் பூசாத 8.8 தரத்து எம்8-க்குச் சுமார் 25, எம்10-க்குச் சுமார் 50 நியூட்டன் மீட்டர், எஃகு மரை என்றால். அலுமினிய மரையில் அதைவிடக் குறைவாக.

பவுடர் கோட்டிங் கொடுப்பதாக இருந்தால் இரண்டு விஷயம் சொல்லி அனுப்புங்கள். பூச்சின் தடிமன் ஒரு பக்கத்துக்கு சுமார் 60 முதல் 100 மைக்ரான், அதனால் துளையின் விட்டம் 0.2 மி.மீ. வரை குறையும், மரையையும் புஷ் துளையையும் மூடச் சொல்லுங்கள். எஞ்சினோடு இறுகும் முகத்திலும் பூச்சு வேண்டாம், சூட்டிலும் அதிர்விலும் பூச்சு நசுங்கி போல்ட் தளரும். அடுப்பில் 180 முதல் 200 டிகிரி வரை சூடு ஏறும் என்பதால் ரப்பர் புஷ் இருந்தால் எடுத்துவிட்டுக் கொடுங்கள். இதற்கும் குறைந்தபட்சக் கட்டணம் உண்டு, எல்லாப் பாகமும் சேர்ந்தபிறகு ஒரே தடவை கொடுப்பது லாபம். ஒன்றிரண்டு சிறிய பாகம் என்றால் துத்தநாக பிரைமரும் பிரஷ்ஷும் போதும்.

12. ஓட்டிய பிறகு பார்க்க வேண்டியவை

ஒவ்வொரு போல்ட்டின் தலையிலிருந்து பிராக்கெட் வரை பெயிண்ட் மார்க்கரால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். கோடு உடைந்திருந்தால் போல்ட் சுற்றியிருக்கிறது. எஞ்சின் சூடாகி ஆறிய பிறகு ஒரு முறை, முதல் சிறு ஓட்டத்துக்குப் பிறகு ஒரு முறை, 100 கிலோமீட்டரில், 500 கிலோமீட்டரில் என்று பாருங்கள். இறுகிய இரண்டு முகங்களுக்கு நடுவிலிருந்து செம்பழுப்பு நிறத்தில் மெல்லிய பொடி வந்தால் அது வெறும் துரு என்று துடைத்துவிடாதீர்கள். இரண்டும் ஒன்றோடொன்று உரசுகின்றன என்பதற்கான அடையாளம் அது, போல்ட் பிடிப்பு போதவில்லை. பெல்ட்டுக்குக் கீழே கறுப்புத் தூள் விழுந்தால் புல்லி நேராக இல்லை.

விரிசல் பார்க்கும்போது வெல்டின் நடுவைவிட அதன் ஓரத்தையும், வளைவின் வெளிப்பக்கத்தையும், துளையைச் சுற்றியும் டார்ச் அடித்துப் பாருங்கள். வெளிர் நிறப் பூச்சில் விரிசல் சீக்கிரம் தெரியும், கறுப்புக்குப் பதில் சாம்பல் நிறம் கேட்பது இதற்காகவே. ஆல்டர்னேட்டர் பிராக்கெட்டில் விரிசல் வந்தால் மேலே வெல்டு போட்டு மூடாதீர்கள், ஏதோ ஒரு கை நீளமாகத் தொங்குகிறது, முக்கோணமாக ஒரு தாங்கல் சேர்த்துப் புதிதாகச் செய்யுங்கள்.

பொருத்தும்போது அரத்தால் தேய்த்தது, துளையைப் பெரிதாக்கியது, ஷிம் கொடுத்தது எல்லாவற்றையும் வரைபடத்தில் சிவப்பு மையால் திருத்தி, கணினிக் கோப்பையும் அதே அளவுக்கு மாற்றி, தேதியோடு கோப்பில் சேர்த்துவிடுங்கள். ஆய்வுக்கு வருகிறவர் கேட்பது அந்தத் திருத்திய வரைபடத்தைத்தான், உதிரி ஒன்று வேண்டியிருந்தாலும் பட்டறைக்கு அனுப்ப வேண்டியது அதுதான்.